மழைக்கால ஓடையில் மூவிரல் மீன்கொத்தி: முதன்முறை செல்பவர்களுக்கு

கொங்கணக் கடற்கரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட காடுகளில், தென்மேற்குப் பருவமழை இறங்கும் நாட்களை ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு மீன்கொத்தி வந்து சேர்கிறது. மராத்தியில் அதைத் ‘திபோட்டி கண்ட்யா’ என்கிறார்கள். திபோட்டி என்றால் மூன்று விரல் உடையது. கண்ட்யா என்றால் மீன்கொத்தி. பெரும்பாலான மீன்கொத்திகளுக்குக் காலில் நான்கு விரல்கள் இருக்க, இதற்கு மூன்றே உண்டு. சீயிக்ஸ் எரிதாகா என்பது அறிவியல் பெயர். 1758 ஆம் ஆண்டிலேயே லின்னேயசு இதை விவரித்துவிட்டார். மராத்திப் பெயரையே தழுவி இக்கட்டுரையில் மூவிரல் மீன்கொத்தி என்று குறிப்பிடுகிறேன்.

இதன் படங்களைப் பார்த்து மயங்கி, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், ஒன்றையும் காணாமல் திரும்புகிறவர்கள் பலர். காடெங்கும் நடந்து தேடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். இது நடந்து தேடிக் காணும் பறவையன்று. சரியான ஓடையைத் தேர்ந்து, சரியான நேரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் பறவை. பின்வரும் படிகள் யாவும் அந்த உட்காருதலுக்கான ஆயத்தங்களே.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

முதலில் அளவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை சுமார் 13 சென்டிமீட்டர். எடை 20 கிராமை ஒட்டியது. சிட்டுக்குருவியைவிடச் சிறியது என்பதைப் படங்கள் சொல்வதில்லை. திரை முழுவதும் நிறைந்திருக்கும் படத்தைப் பார்த்துப் பழகியவர், காட்டில் புறா அளவுள்ள ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். அலகும் காலும் பவளச் சிவப்பு. வயிறும் மார்பும் முட்டைக் கருவின் மஞ்சள். தலையுச்சி செம்பழுப்பு, அதன்மேல் ஊதாப் பளபளப்பு ஓடும். முதுகும் இறக்கையும் கருநீலம். கழுத்தின் பக்கவாட்டில் நீலமும் வெள்ளையுமாக ஒரு திட்டு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். கூட்டைவிட்டுப் புதிதாக வெளிவந்த குஞ்சுக்கு நிறம் மங்கலாகவும், வயிறு வெளுத்தும், அலகின் நுனி வெளிறியும் இருக்கும்.

இத்தனை நிறங்களும் வெயிலில் நின்றால்தான் தெரியும். அது வெயிலில் நிற்பதே இல்லை. அடர்ந்த நிழலில் உங்கள் கண்ணுக்கு முதலில் கிட்டப்போவது, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று கிழித்துக்கொண்டு போனது போன்ற ஒரு கணம் மட்டுமே. ஆகவே நிறங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ‘அடிப்பகுதி மஞ்சள், அலகு முழுச் சிவப்பு, உருவம் மிகச் சிறியது’ என்ற மூன்றை மட்டும் நினைவில் கொள்வது போதும். அதே காடுகளில் ஓடையோரம் வரக்கூடிய நீலக்காது மீன்கொத்தியும், நம் ஊர்க் குளக்கரைகளில் காணும் சிறு நீல மீன்கொத்தியும் இதைவிடப் பெரியவை. இரண்டின் முதுகும் பளிச்சிடும் நீலம். அவற்றின் ஆண் பறவைகளுக்கு அலகு கறுப்பு. பெண் பறவைகளுக்குக் கீழலகு மட்டும் சிவந்திருக்கும். அலகு முழுவதும் சிவப்பாக இருந்தால் இந்த மூவரில் அது மூவிரல் மீன்கொத்திதான்.

அடுத்து, ஒலி. இந்தப் படியைத் தவிர்ப்பவர்களுக்கு மற்றப் படிகள் எவையும் உதவமாட்டா என்பது என் துணிபு. பறக்கும்போது இப்பறவை மிக மெல்லிய, கூர்மையான, உச்சக் குரலில் ‘ட்சீ… ட்சீ’ என்று ஒலி எழுப்பும். ஓடையின் இரைச்சல் தாழ்ந்த ஒலி. இதன் குரலோ அதற்கு மேலே ஊசிபோலத் தனித்து நிற்கும். முதல் ஆண்டில் இந்தக் குரலை என் நனைந்த காலணியின் கீச்சொலி என்று இரண்டு நாட்கள் நினைத்திருந்தேன்; உட்கார்ந்திருக்கும்போதும் அது கேட்டபின்தான் ஐயம் வந்தது. மெர்லின் செயலியிலும் ஜெனோ-கான்டோ தளத்திலும் இதன் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, காதில் மாட்டிக்கொண்டு, நாள்தோறும் சில நிமிடங்கள் கேளுங்கள். தேன்சிட்டுகளின் கீச்சொலியையும் உடன் கேட்டுப் பழகினால் காட்டில் குழப்பம் குறையும். உச்சக் குரல் ஆகையால், வயது முதிர்ந்த காதுகளுக்கு எட்டாமலும் போகலாம். அப்படிப்பட்டவர்கள் இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

காலத்தைக் கணக்கிடுதல்

மும்பைப் பகுதியில் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான நாள் ஜூன் 11. மே மாதக் கடைசியிலிருந்தே மூவிரல் மீன்கொத்திகள் கொங்கணத்தில் தென்படத் தொடங்கும். அக்டோபருக்குள் பெரும்பாலானவை அங்கிருந்து நீங்கிவிடும். பல பறவைகள் மழைக்கு ஒதுங்கி நிற்கும் காலத்தில் இது இனப்பெருக்கம் செய்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. மழை பெய்தால் மண்கரை இளகும். பிஞ்சு அலகால் தோண்ட முடியும். வறண்டு கிடந்த ஓடைகளில் நீர் வரும். அதோடு தவளை, சிறு நண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி ஆகியவையும் வரும்.

இங்கே பெயர் நம்மைத் தடம் மாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீன்கொத்தி என்று அழைத்தாலும், குஞ்சுகளுக்கு இது கொண்டுவரும் இரைகளில் அரணையும் பல்லியும் தவளையும் பூச்சிகளும் சிலந்திகளும்தான் மிகுதி. ஆகவே ஆற்றங்கரையின் திறந்த வெளியில், நீர்மேல் நீண்ட கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு வெண்மார்பு மீன்கொத்தி கிடைக்கலாம்; இது கிடைக்காது.

ஒரு தோராயக் கணக்கு உங்கள் பயண நாளைத் தீர்மானிக்க உதவும். இணை சேர்ந்ததும் ஆணும் பெண்ணும் மாறிமாறி மண்கரையில் கூட்டுக்கான வளை தோண்டும். பின்னர் நாளைக்கு ஒன்றாக, 3 முதல் 7 வரை வெள்ளை முட்டைகள் இடும். அடைகாப்பு சுமார் 17 நாட்கள். குஞ்சு வளையில் இருப்பது சுமார் 20 நாட்கள். ஜூன் 25 அன்று முதல் முட்டை இடப்பட்டு, மொத்தம் ஐந்து முட்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஜூலை நடுவில் குஞ்சு பொரியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும். சில இணைகள் அதன்பின் இரண்டாம் முறையும் முட்டையிட்டு, செப்டம்பர்வரை நீட்டிக்கும். இதிலிருந்து நான் எடுத்த முடிவு இதுதான்: குரலைக் கேட்டுப் பழக ஜூன் மாதக் கடைசி, பறவையைக் கண்ணால் நிதானமாகக் காண ஜூலைக் கடைசியும் ஆகஸ்டும். அடைகாக்கும் வாரங்களில் ஒன்று எப்போதும் வளைக்குள்ளேயே இருக்கும் என்பதால், ஜூலை முதல் பாதியில் போகிறவர்கள் மணிக்கணக்காக வெற்றுக் கிளையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

எங்கே செல்வது

தொடங்குபவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் ராய்காட் மாவட்டத்தின் கர்னாலா பறவைகள் சரணாலயம் எளிது. சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சரணாலயம், பன்வேலுக்குத் தெற்கே மும்பை–கோவா நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை உயர்த்தினாற்போலப் பாறைத் தூண் நிற்கும் கர்னாலாக் கோட்டைதான் அடையாளம். கொங்கண் ரயில்பாதை வழியே மும்பை செல்லும் தொடர்வண்டிகள் பல பன்வேலில் நிற்கின்றன; அங்கிருந்து மாநில அரசின் பேருந்து கிடைக்கும். அந்தப் பாதையில் மழைக்காலத்திற்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. வண்டிகள் வேகம் குறைத்து ஓடும் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போது பழைய நேரத்தை நம்ப வேண்டாம். வார இறுதியில் கோட்டை ஏறுகிறவர்களின் கூட்டம் பெருகும். செவ்வாய், புதன் போன்ற நாட்களில் செல்வதே உசிதம்.

இன்னும் தெற்கே, ரத்னகிரி மாவட்டத்தில் வசிஷ்டி ஆற்றின் கரையிலுள்ள சிப்ளூண் நகரைச் சுற்றிய ஊர்களில் இப்பறவை தோட்டங்களின் ஓரத்திலும், காட்டுப் பாதைகளுக்காக வெட்டிய செம்மண் சரிவுகளிலும்கூடக் கூடு வைப்பது அறியப்பட்டது. அங்கே தனியார் நிலத்தில்தான் பெரும்பாலும் நிற்க வேண்டியிருக்கும். நடவு நடக்கும் காலம் அது. வரப்பில் நுழையுமுன் வயலில் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்பது மரியாதை மட்டுமன்று, பயனும் தருவது. கால்நடை ஓட்டிச் செல்பவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் எந்த ஓடையில் ‘கண்ட்யா’ கத்துகிறது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து அருகில் என்றால், கேரளத்தில் பெரியாற்றின் கரையிலுள்ள தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் ஒரு தேர்வு. மலையாளத்தில் இதன் பெயர் மேனிப்பொன்மான். இலங்கையில் தாழ்நில ஈரக் காடுகளின் நிழலான நீரோரங்களில் இது நிலையாக வாழ்கிறது. ஆனால் எண்ணிக்கையில் குறைவு.

ஓடையில் உட்காரும் முறை

விடியுமுன் இடத்தை அடையுங்கள். ஓடையைத் தேர்வதில் மூன்று அடையாளங்களைப் பாருங்கள். ஒன்று, மேலே மரக்கிளைகள் இணைந்து வானத்தை மறைத்திருக்க வேண்டும். இரண்டு, ஓடை ஒரே தாண்டலில் கடக்கக்கூடிய அளவுக்குச் சிறியதாகவும், இடையிடையே தேங்கிய குழிகள் உடையதாகவும் இருக்க வேண்டும். பாய்ந்து இரையும் பேரோடையில் இதற்கு வேலை இல்லை. மூன்று, நூறு, இருநூறு அடிக்குள் எங்காவது செங்குத்தான மண்கரை இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த இடத்தில் முதல் அரை மணி நேரம் மெதுவாக ஓடையின் ஒரு கரையோரமாக நடந்து, குரல் எந்தப் பக்கம் கேட்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குரல் இருமுறை ஒரே திசையில் கேட்டால் அதுவே உங்கள் இடம்.

உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் மரமோ புதரோ இருக்கட்டும். உங்கள் உருவத்தின் விளிம்பு அதில் கரைந்துவிடும். பறவை வழக்கமாக உட்காருவது தரையிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரத்திற்குள், மெல்லிய சாய்ந்த குச்சியிலோ வேரிலோ கொடியிலோதான். நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். நம்மில் பெரும்பாலோர் பறவை என்றவுடன் மர உச்சியைப் பார்க்கிறோம். இங்கே கண் ஆள் உயரத்திற்கு மேலே போகவே தேவையில்லை. ஒவ்வொரு குச்சியாகக் கண்ணால் எண்ணி வாருங்கள். உட்கார்ந்திருக்கும் பறவை அவ்வப்போது தலையைச் சட்டென்று மேலும் கீழும் அசைக்கும். அந்த அசைவுதான் காட்டிக்கொடுக்கும், நிறம் அன்று. நனைந்த செம்மஞ்சள் இலைகள் காட்டில் ஆயிரம் உண்டு.

கனமழை கொட்டும்போது ஒன்றும் நடக்காது. மழை விட்டுத் தூறலாகும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மிகச் சுறுசுறுப்பானவை; அந்த நேரத்தில் தேநீர்க் குப்பியைத் திறக்காதீர்கள். சாம்பல் அல்லது கறுப்புக் குடை ஒன்றைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் மழைக்கும் ஆயிற்று, மறைப்புக்கும் ஆயிற்று. கொங்கண உழவர்கள் நடவின்போது முதுகில் கவிழ்த்துக்கொள்ளும் இலைவேய்ந்த ‘இர்லே’யைப் பார்க்கும்போதெல்லாம், பறவை பார்ப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும். பளபளக்கும் பிளாஸ்டிக் மழைச்சட்டை மட்டும் வேண்டாம். நிறத்தைவிட அதன் சரசரப்பே பெரிய தொல்லை.

பறவை வந்து அமர்ந்துவிட்டால், அதன் அலகைக் கவனியுங்கள். பிடித்த இரையைக் குச்சியில் அடித்து அடித்துச் சாகடிக்கும். பிறகு, தானே விழுங்குவதாயின் இரையின் தலை தன் தொண்டையை நோக்கி இருக்குமாறு திருப்பிக்கொள்ளும். துணைக்கோ குஞ்சுக்கோ கொடுப்பதற்காயின், இரையின் தலை வெளிப்பக்கம் நோக்கி இருக்கும். பெறுபவர் தலைப்பக்கத்திலிருந்து விழுங்க ஏதுவாக. அரணையின் தலை வெளியே நீண்டபடி ஒரு பறவை உங்கள் எதிரில் குச்சியில் உட்கார்ந்து, விழுங்காமல், கத்திக்கொண்டே இருக்குமானால், கூடு மிக அருகில் இருக்கிறது. நீங்கள் அதற்கும் கூட்டுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உடனே எழுந்து பின்வாங்குங்கள்.

கூட்டின் அருகில்

நிழற்படக் கலைஞர்கள் பலரும் இப்பறவையைத் தேடி மழையில் வருவது கூட்டுக்காகவே. பறவை திரும்பத் திரும்ப ஒரே குச்சிக்கு வரும் என்பதால் படம் எடுப்பது எளிது. அதனாலேயே கேடும் எளிது. கூடு என்பது மண்கரையில் ஒரு மீட்டர்வரை உள்ளே செல்லக்கூடிய சிறு வளை. வாய்ப்புறத்தில் தொங்கும் வேர்களும் பெரணியும்தான் அதற்குக் கதவு. படம் தெளிவாக வரவேண்டும் என்று அவற்றைக் கத்தரித்துவிட்டால், அன்றைக்குப் படம் கிடைக்கும். மறுநாள் சாரைப்பாம்புக்கோ உடும்புக்கோ வளையும் கிடைத்துவிடும். நட்டு வைத்த அழகான குச்சியும் அப்படியே. பறவை அதில் உட்காரும். ஆனால் வளைக்கு நேர் எதிரே, ஒளிவில்லாத இடத்தில் நீண்டநேரம் உட்காரும்.

ஆகவே கூடு தென்பட்டால் செய்ய வேண்டியது இது. பறவை உணவோடு வந்து, தயங்காமல் உள்ளே செல்கிறதா என்று தொலைவிலிருந்து கவனியுங்கள். பத்து நிமிடத்தில் ஒருமுறையாவது அது தயங்கிச் சுற்றினால் உங்கள் தொலைவு போதவில்லை. இன்னும் பத்தடி பின்னால் செல்லுங்கள். தோண்டும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் அருகே செல்லவே வேண்டாம். இணை இடத்தைக் கைவிடும் ஆபத்து அப்போதுதான் மிகுதி. ஒலிப்பதிவை ஓடவிட்டு அழைப்பதையும் முற்றிலும் விலக்குங்கள். ஊட்டிக்கொண்டிருக்கும் பறவை, இல்லாத எதிரியைத் துரத்தப் போய்விடும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லின் விளக்கத்திற்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதை, வழிகாட்டியாக வருபவர் கூட்டருகே அழைத்துப் போக முன்வரும்போது நினைவில் கொள்ளலாம். அந்தச் சலுகைக்குக் கூடுதல் பணம் கேட்கப்பட்டால், மறுத்துவிட்டு வேறு வழிகாட்டியைத் தேடுங்கள்.

கருவிகளும் காலடியும்

தொலைநோக்கியில் 8×42 வகை (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை) போதும். நிழலில் ஒளி நிறைய வாங்கும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். இரண்டு மூன்று மீட்டருக்குள்ளேயே குவியும் வகையாகப் பாருங்கள், ஏனெனில் இப்பறவை சில வேளைகளில் அவ்வளவு அருகில் வந்து உட்காரும். நிழற்படக் கருவி கொண்டுசெல்பவர்கள் மின்வெட்டொளியை அணைத்துவிட்டு, முக்காலியில் பொருத்தி, நொடியில் அறுபதில் ஒரு பங்கு போன்ற மெதுவான திறப்புக்குப் பழகிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பறவை இரண்டு அசைவுகளுக்கு இடையில் சிலைபோல நிற்கும். நான்கு படங்களில் ஒன்று தெளிவாக வரும்.

முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி கட்டாயம். கொங்கணத்தில் சுருட்டை விரியன் மிகுதி. பாசி படிந்த பாறையும் வழுக்கும். மலைச்சரிவில் மழை வலுத்தால் சிற்றோடை சில நிமிடங்களில் பொங்கும். நீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று கலங்கி, சருகுகளைச் சுமந்து வரத் தொடங்கினால் பறவை எதிரில் இருந்தாலும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். கனமழை எச்சரிக்கை நாட்களில் நடைபாதைகள் மூடப்படக்கூடும். முந்தைய நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு

அங்கே இதே பறவை வடக்கிலிருந்து வலசை வருகிறது. மலேசியக் காடுகளில் இதன் நெருங்கிய உறவான செம்முதுகுக் குள்ள மீன்கொத்தியும் நிலையாக வாழ்கிறது. அதன் முதுகு கருநீலமாக இல்லாமல் ஊதா கலந்த செம்பழுப்பாக இருக்கும். வலசைப் பறவைகள் இரவில் பறப்பதாலும் தாழ்வாக விரைவதாலும் கட்டடக் கண்ணாடிகளில் மோதி விழுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. நகரத்துத் தாழ்வாரத்தில் ஒன்று மயங்கிக் கிடப்பதைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ உணவோ வாயில் ஊட்ட வேண்டாம். படம் எடுக்கத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் உதவி எண்ணை அழைத்தால் அடுத்து என்ன செய்வதென்று சொல்வார்கள்.

கடைசிப் படி, குறிப்பேடு. நாள், நேரம், மழையின் நிலை, குரல் கேட்ட திசை, உட்கார்ந்த உயரம், அலகில் என்ன இருந்தது, இரையின் தலை எந்தப் பக்கம் ஆகியவற்றை ஓடையோரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். மை மழையில் கரையும். பின்னர் ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவிடும்போது, சரணாலயத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் குறியுங்கள். கூடிருக்கும் கரையின் துல்லியமான புள்ளியைக் குறிக்க வேண்டாம். பின்னணியில் பாலமோ மைல்கல்லோ தெரியும் படங்களையும் அக்டோபர் வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.